கல், செங்கல், மரம், சுவர்: பேராதனையில் படிக்க வந்தவர் மலையகத்தில் எதை முதலில் பார்ப்பது?

தஞ்சாவூரிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு படிக்க வந்திருக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. சனி, ஞாயிறு மட்டுமே ஓய்வு, கையில் காசு குறைவு, சரித்திரமும் கலையும் உள்ள இடங்களை எந்த ஒழுங்கில் பார்ப்பது, சிகிரியாவிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

சிகிரியாவிலிருந்து தொடங்க வேண்டாம். அது எங்கும் ஓடிவிடாது. வெளிநாட்டவர் கட்டணம் 30 அமெரிக்க டாலருக்குக் குறையாது. சார்க் நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினால் குறைவுதான் என்றாலும் மாணவர் கைக்கு அதுவும் பெரிய தொகை. உங்கள் விடுதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் 14ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை போதும். அவற்றைப் பார்த்த பிறகு கண்டி, பிறகு மாத்தளை, பிறகு தேயிலைப் பக்கம் என்று போனால் ஒவ்வொன்றும் அடுத்ததைப் பார்க்கக் கண்ணைப் பழக்கும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்குள்ளவை பொம்மை வீடு போலத்தான் தெரியும். அளவைத் தேடினால் ஏமாற்றம். உங்களுக்கு நன்கு தெரிந்த அதிட்டானம் (அடித்தளம்), போதிகை (தூணின் தலை), கூடு (குதிரை லாட வடிவ மாடம்), மகர தோரணம் (மகர உருவ அலங்கார வளைவு) எல்லாம் இங்கே புத்தருக்காகவும், இந்த மழைக்காகவும், கிடைத்த கல்லுக்கும் மரத்துக்கும் ஏற்பவும் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவருக்கு மற்ற வெளிநாட்டு மாணவரைவிட இங்கே ஒரு படி கூடுதல் வசதி உண்டு. பாதி இலக்கணம் உங்களுக்கு முன்பே தெரியும்.

முதல் சனிக்கிழமை: உடுநுவரவின் மூன்று கோயில்கள்

பொலன்னறுவை கைவிடப்பட்ட பின் சிங்கள அரசின் தலைநகரம் தெற்கும் மேற்குமாக இடம் மாறிக்கொண்டே வந்து 1341 அளவில் கம்பளைக்கு ஏறியது. நான்காம் புவனேகபாகு அங்கே அரசனானான். அந்த நகரில் இன்று பார்க்கக் கட்டடம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அதன் கலை, சுற்றியுள்ள கிராமங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

பேராதனையில் கொழும்பு வீதியில் கடுகண்ணாவைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறிப் பிலிமத்தலாவையில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே பிரியும் தவுலகல வீதியில் ஒரு கிலோமீட்டர் அளவு நடந்தால் கடலாதெனிய விகாரை. அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் லங்காதிலக. அதன் பிறகு இரண்டு கிலோமீட்டருக்குள் எம்பெக்கே தேவாலயம். நடந்தே முடிக்கலாம், களைத்துவிட்டால் இடையில் ஓட்டோ பிடிக்கலாம். பயணக் கையேடுகள் பெரும்பாலும் எம்பெக்கேயில் தொடங்கி மறுபக்கமாக வரச் சொல்லும், அதில் இறக்கம் அதிகம் என்பதால். நான் சொல்லும் திசையில் ஏற்றம் கொஞ்சம் கூடும். ஆனால் கல், பிறகு செங்கல், பிறகு மரம் என்ற வரிசை கிடைக்கும். படிக்க வந்தவருக்கு இந்த வரிசைதான் பயன்.

கடலாதெனிய 1344இல் ஒரு வெறும் பாறை முதுகின் மேல் கட்டப்பட்டது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது. பெயரைக் கேட்டதும் ஊர் தெரிந்துவிடும். கருவறையும் முன்மண்டபமும் முழுக்கக் கல். மண்டபத் தூண்களையும் அடிப்பட்டையையும் குனிந்து பாருங்கள்: ஆடுவோர், முழவு கொட்டுவோர், கொடிக்கருக்கு என எல்லாம் நம்மூர்க் கைவண்ணம். உள்ளே மகர தோரணத்தின் கீழ் அமர்ந்த புத்தர். பக்கத்திலேயே விஷ்ணுவுக்கு ஒரு சன்னதி. ஒரே கட்டடத்தில் இரண்டு வழிபாடு என்பது கம்பளைக் காலத்தின் முக்கியமான மாற்றம்; அடுத்த இரண்டு கோயில்களையும் பார்க்கும்போது இதை மனதில் வைத்திருங்கள். வளாகத்திலேயே ஓட்டுக்கூரையின் கீழ் ஒரு தூபி நிற்கிறது. நடுவில் பெரியது, நான்கு பக்கமும் சிறு சன்னதிகள். அதைப் பார்க்காமலே திரும்புபவர்கள் நிறைய.

அங்கே நடக்கும் தவறு ஒன்றுதான். பதினொரு மணிக்கு மேல் போவது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாறையில் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. பார்ப்பதை விட்டுவிட்டு நிழலுக்கு ஓடத்தான் தோன்றும். ஒரு சோடி தடித்த காலுறையைப் பையில் வைத்திருங்கள். காலுறையோடு போவதில் தடையில்லை.

லங்காதிலகவும் அதே 1344. அரசனின் அமைச்சன் சேனாலங்காதிகாரன் எடுப்பித்தது, கட்டியவர் ஸ்தபதி ராயர் என்ற தென்னிந்தியர். அடித்தளம் கல், மேலே செங்கல், அதன்மேல் வெள்ளைச் சுண்ணச் சாந்து. முதலில் நான்கு மாடியும் 80 அடி உயரமுமாக இருந்தது. மேல் அடுக்குகள் சரிந்த பிறகு இன்றுள்ள சாய்வான ஓட்டுக்கூரை வந்தது. இந்தக் கூரையால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது கேரளத்துக் கோயில் போன்ற சாயல் தெரிகிறது. காரணம் அலங்காரம் இல்லை, மழை. தட்டையான மேல்தளம் இந்த மலையில் ஒழுகும். சாய்வுக் கூரை தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொட்டும்.

புத்தர் இருக்கும் கருவறையைச் சுற்றி வெளிச்சுவரின் மாடங்களில் தெய்வங்கள்: உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன். உபுல்வனை இங்கே விஷ்ணுவாகவே வணங்குகிறார்கள். விபீஷணன் நமக்கு அண்ணனை விட்டுப் போன தம்பி. இங்கே தீவைக் காக்கும் தெய்வம். ஒரே கதையின் பாத்திரம் கடலைத் தாண்டினால் எப்படி வேறு ஆளாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

லங்காதிலகவில் தவறவே விடக்கூடாதது கட்டடத்துக்கு வெளியே, பாறையில் இருக்கிறது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட நிலங்களையும் வருமானங்களையும் பதிந்த கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டுள்ளது. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் அதைத் தாண்டியே போகும். தமிழ் வாசகத்தைப் படிக்க வேண்டுமானால் வெயில் சாய்ந்து விழும் காலையில் அல்லது மாலையில் பாருங்கள். நடுப்பகலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, பாறை ஒரே வெளுப்பாகத் தெரியும். கைபேசி விளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலும் எழுத்து எழும்பி நிற்கும். எழுத்தைத் தெளிவாக்க என்று சுண்ணக்கட்டியால் நிரப்புவதும், ஈரத்துணியால் தேய்ப்பதும் கூடவே கூடாது. பார்க்க எளிதாகும், ஆனால் பாறைக்குக் கேடு, சட்டப்படியும் குற்றம்.

கருவறைக் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். திறப்பு வைத்திருப்பவர் பக்கத்திலேயே இருப்பார், கேட்டால் திறப்பார். பிக்குகளின் மதிய உணவு பகல் பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும் என்பதால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பல விகாரைகளில் ஆள் கிடைப்பது கடினம். அந்த நேரத்தை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பெக்கே, மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது (1357–1374). தெய்வம் கதிர்காமக் கடவுள், அதாவது நம் முருகன்தான். ஆட்கள் வருவது பறை மண்டபத்தின் மரத்தூண்களுக்காக. இந்த மண்டபத்தில் மொத்தம் 514 செதுக்கல்கள் உண்டு என்பது கணக்கு. தேல்மட மூலாச்சாரி என்பவரின் கைவேலை என்பது வழிவழிச் செய்தி. தூண்கள் கம்பளை அரசமண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றும் ஊரில் சொல்வார்கள்.

ஒரு தூணை எடுத்துக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சதுரம், எண்பட்டை, மீண்டும் சதுரம், உச்சியில் தொங்கும் தாமரைப் போதிகை. சோழநாட்டுக் கல்தூணில் நீங்கள் பார்த்த அதே ஒழுங்கு, மரத்தில். சதுரப் பகுதியின் நான்கு முகத்திலும் ஒவ்வொரு படம்: கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மல்லர் இருவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கொடியிலிருந்து முளைக்கும் பெண், குதிரை வீரன். இருதலைப் பறவை கண்டபேருண்டமே. ஒரு படமும் ஓரடிக்கு மேல் இல்லை. அதனால் நின்று பார்த்துவிட்டுப் போனால் எதுவும் மனதில் பதியாது. ஐந்து தூணைத் தேர்ந்து ஒவ்வொன்றின் நான்கு முகத்தையும் வரைந்து பாருங்கள். மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை. வரையும் கைதான் கண்ணை நிறுத்தி வைக்கும்.

பிறகு நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். மண்டபத்தின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடுமிடத்தை ஒற்றை மர ஆப்பு பிடித்திருக்கிறது. சிங்களத்தில் மதோல் குருபாவ என்பார்கள். ஆணியோ இரும்புப் பட்டையோ இல்லாமல் பாரம் எப்படி இறங்குகிறது என்று பொறியியல் மாணவர் யாரையாவது கூட்டிப்போய்க் கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார். பக்கத்தில் கல்லாலான பழைய அம்பலம் (வழிப்போக்கர் தங்கும் மண்டபம்) ஒன்றின் தூண்கள் நிற்கின்றன. அதில் மரவேலையின் அதே உருவங்களைக் கல்லில் செதுக்கிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எது எந்தப் பொருளுக்காகப் பிறந்த வடிவம் என்பது தெரியும்.

மூன்று இடத்திலும் தனித்தனி நுழைவுச்சீட்டு, காசாகத்தான் வாங்குவார்கள். சில்லறைத் தாள்கள் கொண்டு போங்கள். ஓட்டோக்காரர் பித்தளைக் கடைக்கும் மரச்சிற்பக் கடைக்கும் வண்டியைத் திருப்பப் பார்ப்பார். கடைக்காரர் அவருக்குத் தரகு கொடுப்பது வழக்கம். "மூன்று கோயில் மட்டும், கடை வேண்டாம்" என்று ஏறும் முன்பே விலையோடு பேசி முடித்துவிடுங்கள். வேலைப்பாடு பார்க்க விருப்பம் இருந்தால் இந்தச் சுற்றுக் கிராமங்களில் பித்தளை வார்ப்பவர்களும் மரம் செதுக்குபவர்களும் இன்றும் வீட்டிலேயே வேலை செய்கிறார்கள். கடையைவிட அந்தப் பட்டறைத் திண்ணை மேல்.

கண்டி: மாளிகையை விடச் சுற்றுப்புறம்

புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். பூசை மூன்று வேளை: காலை 5.30, 9.30, மாலை 6.30. 9.30 பூசையில் கூட்டம் நெரியும், புனிதப் பல் பேழை இருக்கும் அறையைக் கடப்பதற்கு ஒரு நொடிதான் கிடைக்கும். விடியற்காலைப் பூசையே அமைதி. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இந்த நாட்டில் பெரிய அவமதிப்பு. காவலர் அதட்டுவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். புத்தர் உருவம் பச்சை குத்தியிருக்கும் நண்பர்கள் பார்க்க வருவதானால் மூடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட வெளிநாட்டவர் உண்டு.

மாளிகையின் முகமாக எல்லாப் படத்திலும் வரும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவையும், மேகச் சுருள் மதிலையும், எதிரிலுள்ள ஏரியையும் அமைத்தவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. அரசனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739இல் தொடங்கிய நாயக்கர் வழியின் கடைசி ஆள். 1815 மார்ச் 2ஆம் தேதி அரசமண்டபமான மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு, அவன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க் கோட்டையை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கதையின் முதல் பாதி இந்த மரத்தூண்களுக்கிடையே நடந்தது.

மாளிகைக்கு வெளியே, ரோட்டைத் தாண்டாமலே, நாத தேவாலயம் இருக்கிறது. கண்டியில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான், 14ஆம் நூற்றாண்டு. கல்லால் ஆன சிறு விமானம், மேலே குவிந்த சிகரம். முதல் சனிக்கிழமை கடலாதெனிய பார்த்திருந்தால் இதைப் பார்த்ததும் உறவு புரியும். அடுத்து பத்தினி தேவாலயம், அதாவது கண்ணகி. விஷ்ணு, கதிர்காமர் தேவாலயங்களும் நடக்கும் தூரத்தில். கண்டியின் ஆண்டுத் திருவிழாவான எசல பெரஹராவில் தலதாவுக்குப் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்ற இந்த வரிசையில்தான் ஊர்வலம் வரும். ஜூலை, ஆகஸ்டில் நீங்கள் இங்கே இருந்தால் 'கும்பல் பெரஹரா' எனப்படும் முதல் ஐந்து இரவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின் வரும் ரந்தோலி இரவுகளைவிடக் கூட்டம் குறைவு, ஓரமாக நின்றே நடனக்காரரின் காலடியைப் பார்க்கலாம், ஆசனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அரசியர் குடியிருந்த பல்லே வாகலவில் தேசிய அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும்.

கண்டியில் அரைநாள் மிஞ்சினால் மகாவலியைக் கடந்து அமுனுகமப் பக்கம் தெகல்தொறுவ குகை விகாரைக்குப் போங்கள். என் கணக்கில் மாளிகைக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு இரண்டு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் (1747–1782) தேவரகம்பொல சில்வத்தென்ன என்ற துறவி ஓவியர் வரைந்த சுவர்கள் இவை. அரசன் நாயக்கர் வழி, சைவக் குடும்பம். பௌத்தக் கலைக்கு அவன் கொட்டிய அளவு வேறு யாரும் கொட்டவில்லை.

சுவரைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. செந்நிறப் பின்னணியில் கிடைக்கீற்றுகளாகக் கதை ஓடும். ஒரே ஆள் ஒரே கீற்றில் நான்கைந்து முறை வருவார். ஒரு மரமோ வாசலோ வந்தால் காட்சி மாறிவிட்டது என்று பொருள். அரசன், யானை, இரண்டு குழந்தைகள், ஒரு கிழட்டுப் பிராமணன் தென்பட்டால் அது புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றான வெஸ்ஸந்தர ஜாதகம்: கேட்டதையெல்லாம் கொடுத்து, முடிவில் பிள்ளைகளையே கொடுத்தவன் கதை. அந்த ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தானே வழிவிடும். நிழல் இல்லை, தொலைவுக்கேற்பச் சிறிதாவது இல்லை, முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில். இதைத் திறமைக் குறைவு என்று எண்ணுபவர்கள் உண்டு. கதை சொல்லும் சுவருக்கு நிழல் தேவையில்லை. எழுத்தில் யாரும் நிழல் கேட்பதில்லை.

நிறம் உலர்ந்த பூச்சின் மேல் பிசின் சேர்த்துத் தீட்டியது, ஈரச் சாந்தில் ஊறியது இல்லை. அதனால் ஈரக்கையால் தொட்டாலே உரியும். சுவரில் சாய்வது, பையை உரசுவது, பளிச்சென்று மின்னும் விளக்கில் படமெடுப்பது எல்லாம் தடை. உள்ளே இருட்டு, கண் பழக ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதே பக்கம் குண்டசாலையில் கல்மடுவ விகாரை. கீர்த்தி ஸ்ரீ கட்டத் தொடங்கி நின்றுபோனது. தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரத்தையே தூக்கி நடுவில் வைத்தது போல் இருக்கும்.

மாத்தளை: வடக்கு வீதி

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய எழுந்து தம்புள்ளை பஸ் ஏறுங்கள். மாத்தளையில் இறங்காமல் மேலும் 25 கிலோமீட்டர் அளவு போய், நாலந்தா கெடிகே சந்தியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத நடத்துனர் என்றால் இடத்தின் பெயரைச் சொல்லி "பஹினவா" என்றால் போதும், இறங்குகிறேன் என்று பொருள். அங்கிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடை.

கெடிகே என்ற இந்தக் கல் கோயில் மாமல்லபுரத்தின் சின்னத் தங்கை. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. மண்டபம், இடைநாழி, கருவறை என்ற அமைப்பும், குதிரை லாடக் கூடுகளும், அவற்றுள் எட்டிப் பார்க்கும் முகங்களும் பல்லவக் கண் உள்ளவரை உடனே நிறுத்தும். கூடு ஒன்றில் குபேரன் குந்தியிருக்கிறான். அடிப்பட்டையில் தாந்திரீகச் சிற்பம் ஒன்றும் உண்டு, தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் வழிபாடு பௌத்தம். நீங்கள் நிற்கும் இடம் அதன் பழைய இடமும் இல்லை. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலை வந்ததால் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் கரையில் திரும்பக் கட்டினார்கள். நீர் பின்னால் விரிந்து கிடப்பது அதனால்தான். சில இடத்தில் கல்லும் கல்லும் சரியாகப் பொருந்தாமல் நிற்பதைக் கவனித்தால் அந்தப் பெயர்ப்பின் தடம் தெரியும்.

திரும்பும் வழியில் மாத்தளைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னே அலுவிகாரை. வலகம்பா அரசன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், பௌத்த மூல நூலான பாளி திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்பது பௌத்த மரபு. அங்கிருந்த சுவடி நூலகம் 1848 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயரால் அழிந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்து எழுத்தைக் கருப்பாக்குவதைச் செய்து காட்டுவார்கள். சரசுவதி மகால் ஊர்க்காரருக்கு இது புதிதில்லைதான். ஆனால் சிங்கள எழுத்து ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதை அந்த ஓலை பதில் சொல்லும்: நேர்க்கோடு இழுத்தால் நரம்போடு ஓலை கிழியும்.

மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோயில். 1874இல் தோன்றியது, 1983 கலவரத்தில் எரிந்தது, மீண்டும் எழுந்தது. இராசகோபுரம் 108 அடி. கட்டடக்கலையில் உங்களுக்குப் புதுமை எதுவும் இல்லை என்றாலும் இது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே வாரக்கணக்கில் நடந்து, மலையேறும் முன் வந்துசேர்ந்த ஊர் மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மாரியம்மனை இங்கே வைத்ததற்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும்.

தேயிலை நாட்டின் சரித்திரம்

ஹந்தானையில், பல்கலைக்கழகத்துக்குப் பின்புற மலையிலேயே, 1925இல் கட்டிய ஸ்டோர் ஒன்றில் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. (தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் ஸ்டோர் என்பார்கள்.) உருட்டும் இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் அங்கே உண்டு. திங்கட்கிழமை மூடியிருக்கும். நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது துரைமாரின் பக்கத்துச் சரித்திரம்.

கொழுந்து எடுத்தவர்களின் பக்கத்தைப் பார்க்கக் கம்பளையிலிருந்து புசல்லாவை வழியில் பாரதெக்கவுக்கு அருகே, ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடு) அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2007இல் திறந்தது. ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த லயக் காம்பராவுக்குள் (அறைக்குள்) நின்று பார்க்கும்போது அகலம் எவ்வளவு என்பதைக் கையை விரித்தே அளந்துவிடலாம். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தப்புப் பறை, பழைய பதிவுப் பத்திரங்கள் இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டம் வராத இடம் என்பதால் போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆள் இல்லாமல் பூட்டியிருந்தால் அரைநாள் வீண்.

கலை என்றால் கட்டடம் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். மாசி மாதம் நீங்கள் இங்கே இருந்தால், காமன் கூத்து பார்க்காமல் ஊர் திரும்புவது நட்டம். அமாவாசைக்குப் பின் தோட்டத்தில் காமன் ஊன்றி, இரவுகளில் பாடி ஆடி, முடிவில் மன்மதனை எரித்து ரதி ஒப்பாரி வைக்கும் வரை நீளும். தப்பு அடிக்குத்தான் ஆட்டம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மங்கிவிட்டது, இங்கே பல தோட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு கூத்துகளும் அப்படியே. எந்தத் தோட்டத்தில் எப்போது என்பதற்கு விளம்பரம் கிடையாது. உங்கள் வகுப்பில் படிக்கும் மலையகத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். அழைத்தால் மட்டும் போங்கள். விடிய விடிய நடக்கும், குளிரும், போர்வை எடுத்துப் போங்கள். லயத்தையும் வீட்டுக்காரரையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

தோட்டங்களில் நடக்கும்போது மரத்தடிச் சூலத்தையும் கல்லையும் கவனியுங்கள். ரோதைமுனி என்று ஒரு தெய்வம் உண்டு. ரோதை என்றால் ஸ்டோரின் சக்கரம். இயந்திரத்துக்கே ஒரு காவல் தெய்வத்தை உண்டாக்கிக்கொண்ட மக்கள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. சீத்தா எலியவின் சீதை கோயிலும் ராம்போடை அனுமன் கோயிலும் பக்திக்குச் சரி; இன்று பார்க்கும் கட்டடம் பழையதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நீண்ட விடுமுறை வந்தால்

பதுளைப் பக்கம் ரயிலில் போங்கள். பாதை 1867இல் கண்டிக்கு வந்து, 1885இல் நானுஓயாவை எட்டி, 1924இல்தான் பதுளையைத் தொட்டது. பட்டிப்பொலவில் 6,226 அடி. எல்லாரும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஓடுவார்கள். 1921இல் எழுந்த அழகான வேலைதான். அதைவிடத் தெமோதரை நிலையத்தில் இறங்கி நில்லுங்கள். நிலையத்தைச் சுற்றிக் கீழே இறங்கும் தண்டவாளம் அதே நிலையத்துக்கு அடியில் குகைக்குள் நுழைவதைப் பார்க்கலாம். ஹாலிஎலவுக்கு அருகே போகொடவில் கூரை வேய்ந்த மரப்பாலம், பண்டாரவளை–பதுளை வீதியில் தோவாவில் முடிக்காமல் விட்ட 38 அடிப் புத்தர். சிற்பம் எப்படிப் பாறையிலிருந்து வெளியே வருகிறது என்பதை முடிந்த சிலையைவிட முடியாத சிலையே நன்றாகக் காட்டும். அப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிஷம் பங்களா இப்போது துறவியர் மடம். வார இறுதியிலும் போயா எனும் பௌர்ணமி நாளிலும் பாடசாலை விடுமுறையிலும்தான் உள்ளே விடுவார்கள்.

எல்லா ரயிலும் கண்டிக்குள் வருவதில்லை. சில பேராதனைச் சந்தியிலிருந்து நேரே மலை ஏறிவிடும். உங்களுக்கு அது கண்டியைவிட அருகு. மண்சரிவால் மலைப்பாதை வாரக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு, முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள்.

மழைக் கணக்கு இது: நுவரெலியா, ஹற்றன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை நனையும், அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பதுளை, பண்டாரவளை காய்ந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை பதுளைக்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் பிற்பகல் இடிமழை, ஆகவே பார்ப்பதைப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். புல்வழியில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல் உப்போ சவர்க்காரத் தண்ணீரோ வைத்தால் தானே விழும்.

நுழைவுச்சீட்டு விஷயத்தில் உங்கள் வதிவிட விசாவுக்கு மதிப்பு உண்டு. வதிவிட விசா ஒட்டிய பக்கத்தின் நகலையும் பல்கலைக்கழக அட்டையையும் எப்போதும் வைத்திருங்கள். சில இடங்களில் உள்ளூர்க் கட்டணமே வாங்குவார்கள், சில இடங்களில் மறுப்பார்கள். கவுன்டரில் சீட்டு வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும், வெட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. போயா நாட்களில் விகாரை முழுக்க வெள்ளை உடுத்த அடியார் கூட்டம். வழிபாட்டைப் பார்க்க அது நல்ல நாள், சுவரைப் பார்க்க ஆகாத நாள்.

பயணமே போக முடியாத வாரத்தில், ஹந்தானைச் சரிவில் பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மாலையில் ஏறுங்கள். சிங்கள நாடகத்தின் பெயர்போன திறந்தவெளி அரங்கும் அதே வளாகத்தில்தான். நாடகம் போட்டால் மொழி தெரியாவிட்டாலும் போய் உட்காருங்கள், புல்லில் இடம் பிடிக்க ஐந்து மணிக்கே போக வேண்டும்.